இந்தப் பாட்டை நான்தான் முதலில் கேட்டேன்

ஒரு வாசகரின் கேள்வி:
டிவி தொடரிலோ விளம்பரத்திலோ முப்பது விநாடி கேட்டுவிட்டு, மறுநாளே அந்தக் குழுவின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களை இண்டி ராக் (பெரிய கம்பெனிகளைச் சாராத குழுக்களின் ராக் இசை) ரசிகர்கள் என்று எப்படி ஒத்துக்கொள்வது? தேடிப் பிடித்தவன்தான் ரசிகன். மற்றவர்கள் வந்து மாட்டியவர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பிப்ரவரி 4, இரவு 10.50

நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். இந்த எரிச்சல் எனக்கும் உண்டு. பேவ்மென்ட் என்ற அமெரிக்கக் குழுவின் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' பாட்டை இன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகள்கூட முணுமுணுக்கிறார்கள். நான் அதை 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' சிடியில் தொண்ணூறுகளிலேயே கேட்டு வரிக்கு வரி மனப்பாடம் செய்தவன். அப்போது அந்தப் பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. இப்போது ஆள் இருக்கிறது, எனக்குத்தான் பேசப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று.

கைடட் பை வாய்சஸ் குழுவின் 'பீ தவுசண்ட்' (1994) எனக்குக் கேசட்டில் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துக் குழு. பாடகர் ராபர்ட் பொல்லார்ட் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நண்பர்களோடு கராஜிலும் நிலவறையிலும் உட்கார்ந்து நாலு டிராக் கேசட் மெஷினில் பதிந்த பாட்டுகள். இருபது பாட்டு, எல்லாம் சேர்த்தே முப்பத்தாறு நிமிடம்தான். சில பாட்டு தொடங்கியதா முடிந்ததா என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிட்டார் சட்டென்று காணாமல் போனது. இயர்போன் ஒயர் விட்டுப்போனால் அப்படித்தான் இருக்கும். ஜாக் பக்கத்தில் ஒயரைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடித்து லேசாக முறுக்கினேன். கிட்டார் திரும்பி வந்துவிட்டது. சரி, சரிசெய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே பாட்டு, கிட்டத்தட்ட அதே இடம், கிட்டார் போச்சு. முறுக்கினேன், வந்தது. இப்படியே பல மாதம். அந்த இடம் நெருங்கும்போதே கட்டைவிரல் தானாக ஜாக்குக்குப் போய்விடும். புது இயர்போன் வாங்கியும் அது போகவில்லை. அப்போதும் கேசட் பதிந்தவன் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, மூலப் பதிவிலேயே கிட்டார் விழுந்துவிட்டது, அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள் என்று. முதல் ஆல்பமும் இல்லை இது, அனுபவப்பட்ட ஆட்கள். மறுபடி வாசித்துப் பதிந்திருக்கலாம். பதியவில்லை.

இந்த இசையில் எனக்குப் பிடித்தது இதுதான். பணம் குறைவு, நேரம் குறைவு, அந்தக் குறை காதில் விழுகிறது. நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'பிளீச்' (1989, வெளியிட்ட லேபிள், அதாவது இசைத்தட்டுக் கம்பெனி, சப் பாப்) 600 டாலரில் முடிந்தது. டிவி தொடரில் முப்பது விநாடி கேட்டவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பிப்ரவரி 5, காலை 8.15

"அந்தக் கேசட்டை யார் கொடுத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருட சீனியர். ஒரு நாள் கூப்பிட்டுக் கையில் திணித்தார். நான் கேட்கவேயில்லை.

சரி, புரிகிறது. மாலையில் வருகிறேன்.

பிப்ரவரி 5, இரவு 9.30

பகல் முழுக்க அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு நெருக்கமான குழுக்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஷின்ஸ், ஒரு படத்தில். டெத் கேப் ஃபார் கியூட்டி, 'தி ஓ.சி.' தொடரில். ஆமாம், டிவி தொடரில்தான். அந்தத் தொடரில் வரும் பையன் அவர்களுடைய பரம ரசிகன். எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அவனுக்குப் பிடித்தது எனக்கும் பிடித்துப்போனது. ஆர்கேட் ஃபயரின் 'ஃபியூனரல்' (2004) வேறு கதை. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 9.7 மதிப்பெண் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்கவே உட்கார்ந்தேன். 8.1 போட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். பாட்டுக்கு 9.7 என்றால் என்ன, 9.6 என்றால் என்ன என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி பயபக்தியோடு படித்தேன்.

காகிதத்தில் பதினோரு பெயர். 'தானாகத் தேடியது' என்ற பகுதியில் எழுத ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் ஜாய் டிவிஷனை அங்கே எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். காரணம் பிறகு.

பிப்ரவரி 5, இரவு 9.50

திருத்தம். 'பிளீச்' 600 டாலர் என்றேன், 606 டாலர் 17 சென்ட் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். இரண்டும் சரி. உறையில் அச்சிட்டது 600, உண்மையான கணக்கு 606.17. அதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அவர் பெயர் கிட்டார் வாசித்தவராக உறையில் இருக்கிறது, அட்டைப் படத்திலும் நிற்கிறார். ஆனால் அந்த ஆல்பத்தில் அவர் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. காசு கொடுத்தவருக்குப் படம். நியாயம்தானே.

பிப்ரவரி 8, இரவு 10.20

ஜாய் டிவிஷன் விஷயம். கேள்வி கேட்டவர் டி-ஷர்ட்காரர்களைத் திட்டியிருந்தார் இல்லையா? நான் அவர்களில் ஒருவன்.

யாரோ போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவில் மட்டும் கூர்கூராக எழும்பிய கோடுகள். மலைத்தொடர் என்று நினைத்தேன். அழகாக இருக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அது என்னவென்று தெரியாமலே போட்டிருக்கிறேன். ஒரு நாள் ஒருவர், "உனக்கு இதில் எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டார். "எல்லாம்" என்றேன். அது ஜாய் டிவிஷன் ஆல்பத்தின் உறைப் படமாம். அன்று இரவே உட்கார்ந்து அந்த 'அன்நோன் பிளெஷர்ஸ்' (1979) முழுவதையும் கேட்டேன், பயத்தில்.

அது மலையே இல்லை. சிபி 1919 என்ற துடிப்பு விண்மீன், ஆங்கிலத்தில் பல்சர். ஏறக்குறைய 1.34 விநாடிக்கு ஒரு முறை ரேடியோ துடிப்பு அனுப்புகிறது. முதன்முதலில் கண்டறிந்த பல்சர் அதுதான், 1967இல், ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டது. அடுத்தடுத்த துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய படம்தான் அந்தக் கோடுகள். குழுவினர் அதை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் பார்த்துக் கொடுக்க, உறை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி உறையாக்கினார். உறையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

2012இல் டிஸ்னி அந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வளைத்து டி-ஷர்ட் போட்டது. சர்ச்சை வந்ததும் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். அன்று நானும் கொதித்தேன். கொதிக்க எனக்கு என்ன தகுதி என்று இன்றுதான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 9, மதியம் 1.10

"முதலில் இண்டி என்றால் என்ன என்று சொல்லுங்கள், அப்புறம் ரசிகனைப் பற்றிப் பேசலாம்" என்று இருவர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பதில் தெரிந்தால் வருத்தப்படுவீர்கள்.

பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது விதி ஒன்றே ஒன்று: பெரிய நிறுவனங்களின் விநியோகம் வழியாக வரக்கூடாது. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பது பேச்சிலேயே இல்லை. அதனால் எண்பதுகளின் கடைசியில் கைலி மினோக்கின் ஆரம்ப ஹிட்டுகள் இண்டி பட்டியலில் முதலிடம் பிடித்தன. அவருடைய பிடபிள்யூஎல் லேபிள் தனி விநியோகத்தில் இருந்தது, விதிப்படி சரி. பளபளவென்ற டிஸ்கோ பாப் இண்டி, 1991இல் பெரிய நிறுவனத்தின் லேபிளில் வந்த நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' இண்டி இல்லை. ஒரு கணக்குப்பிள்ளைச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு நாம் ஆன்மா, நேர்மை என்றெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு வீரம் இருந்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, நாலு பாட்டை ஆயிரம் பிரதி தாங்களே அடித்து விற்றது. எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கவில்லை. பார்த்தவர்களுக்கு, "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றியிருக்கும். அதற்குப் பிறகு மளமளவென்று லேபிள்கள். 1978இல் மட்டும் லண்டனில் ரஃப் டிரேட், மான்செஸ்டரில் ஃபேக்டரி. இண்டி ஓசை என்று நாம் இன்று சொல்வதில் பாதி, கையில் காசில்லாதவர்கள் எழுப்பிய ஓசைதான்.

பிப்ரவரி 13, இரவு 10.05

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2022இல் ஆங்கிலேயப் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு டிவி தொடரால் மறுபடி கிளம்பியது நினைவிருக்கும். 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு, முப்பத்தேழு வருடம் கழித்து முதலிடம். அக்கா மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நாங்கள் எப்போதோ கேட்டு முடித்தாச்சு. அந்தத் தொடர் இல்லை என்றால் உனக்குக் கேட் புஷ் யார் என்றே தெரியாது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து வந்து கேட்டாள்: "மாமா, அந்தப் பாட்டு வந்த ஆல்பம் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே கதை தானே? ராத்திரி, கடலில் தனியாக மிதக்கிற ஒரு பெண். கடைசியில் அவள் பிழைக்கிறாளா, இல்லை எல்லாம் கனவா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் இரண்டாவது பக்கத்தை ஒரு முறைகூட முழுசாகக் கேட்டதில்லை. முதல் பக்கத்தில்தான் ஹிட்டுகள் எல்லாம். அது முடிந்ததும் எழுந்து போய்விடுவேன். "அது அவரவர் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது" என்று சொல்லி வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

முப்பது விநாடியில் வந்து மாட்டியவள் ஏழு பாட்டுக் கதையை வரிவரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். எப்போதோ கேட்டு முடித்தவன் பாதியில் எழுந்து போயிருக்கிறான்.

பிப்ரவரி 13, இரவு 10.40

தெரியும், தெரியும். கேட் புஷ் ஈஎம்ஐ என்ற பெரிய கம்பெனியின் பாடகி, இண்டி இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தை அவர் வீட்டுப் பக்கத்திலேயே சொந்த ஸ்டூடியோ கட்டி, தானே தயாரிப்பாளராக இருந்து முடித்தார். கணக்குப்பிள்ளை வந்து சொல்லட்டும்.

பிப்ரவரி 16, மாலை 6.30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "மனிதர்கள் கொடுத்தால் சரி, தொடர்கூடப் போகட்டும். அல்காரிதம் கொடுத்தால்?"

இதில் எனக்குக் கொஞ்சம் விவரம் தெரியும். கேலக்சி 500 என்று பாஸ்டன் பக்கத்துக் குழு, 1991இல் கலைந்துவிட்டது. அதன் டிரம்மர் டேமன் குருக்கோவ்ஸ்கி 2018இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுடைய 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற பாட்டு ஸ்பாட்டிஃபையில் மற்ற எல்லாப் பாட்டுகளையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அது சிங்கிளாக வந்ததில்லை, எந்தப் பிரபலமான பிளேலிஸ்டிலும் இல்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், ஏற்றம் 2017 ஜனவரியில் தொடங்குகிறது. நீங்கள் போட்ட ஆல்பம் முடிந்ததும் அதே மாதிரி வேறு பாட்டைத் தானாக ஓட்டுகிற ஆட்டோபிளே வசதியை எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவைத்த சமயம் அது. மெஷின் 'ஸ்ட்ரேஞ்ச்' பாட்டை எடுத்ததற்குக் காரணம், அவர்களுடைய பாட்டுகளிலேயே மற்ற குழுக்களின் பாட்டுபோல அதிகமாக ஒலிப்பது அதுதான். பெயர் மட்டும் 'விசித்திரம்'!

அதனால் கேள்வி கேட்டவர் பக்கம் பாதி நியாயம் உண்டு. சீனியர் என்னிடம் கேசட்டைத் திணித்தபோது, நான் அதுவரை கேட்டது எதைப் போலவும் இல்லாத ஒன்றைத் திணித்தார். மெஷின் திணிப்பது, ஏற்கனவே ஓடியதற்கு ஒட்டிப் போவதை. இடைஞ்சல் செய்யாததை. நீங்கள் எழுந்து போய் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை.

எனக்குக் கேலக்சி 500 வந்ததும் அந்த வழியாகத்தான், அதே 'ஸ்ட்ரேஞ்ச்' வழியாக. அப்புறம் முழு ஆல்பத்துக்கும் போனேன். மெதுவாக, ஈரமாக, எதிரொலியோடு, பாடகர் எந்த நிமிடமும் சுருதி விட்டுவிடுவார் போல ஒரு குரல். பல வாரம் வேறெதுவும் ஓடவில்லை.

பேவ்மென்ட்டின் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' கதையும் இதுவேதான். ஒரு பி-சைட் பாட்டு, அதாவது முக்கியப் பாட்டுக்குத் துணையாகப் போட்டது, அவர்களுடைய பாட்டுகளிலேயே அதிகம் ஓடுவதாக ஆனது அப்படித்தான். நல்லவேளை, அதையாவது நான் மெஷினுக்கு முன்னால் கேட்டேன். எத்தனையாவது பாட்டு என்று சிடியைப் பார்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 17, காலை 7.00

சிடியை எடுத்தேன். மூடியின் ஒரு காது உடைந்திருக்கிறது, நடுவில் தட்டைப் பிடிக்கிற பற்களில் மூன்று போய்விட்டன. பின்னட்டையில் பாட்டுப் பெயர்களை மேலிருந்து கீழே படித்தேன். அப்புறம் கீழிருந்து மேலே.

அந்தப் பாட்டு அதில் இல்லை.

'பிரைட்டன் தி கார்னர்ஸ்' வந்தது 1997. அந்தப் பாட்டு அப்போது பதிந்ததுதான், ஆனால் ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். வெளியே வந்தது 1999இல், வேறொரு பாட்டோடு சேர்ந்த பி-சைடாக. ஆல்பத்தோடு சேர்ந்தது 2008 மறுபதிப்பில்தான். என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. அந்த 1999 தட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை, மறுபதிப்பு வாங்கவும் இல்லை.

அப்படியானால் எனக்கு எப்படி வந்தது? ஒரே வழிதான். பழைய நினைவில் ஆல்பத்தைப் போனில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறேன். ஆல்பம் முடிந்திருக்கிறது. மெஷின் தானாக அடுத்ததை ஓட்டியிருக்கிறது. 'அட, நம்ம பழைய பாட்டு' என்று மனசு அதைத் தூக்கித் தொண்ணூறுகளில் போய் உட்கார வைத்துவிட்டது. அறை, ஜன்னல், அன்று பெய்த மழை எல்லாம் நினைவில் இருந்தன. மழைக்குக்கூட சாட்சி சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 4 குறிப்பை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 17, இரவு 11.15

"அப்போ அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்?"

எனக்கு முன்னாலேயே கேட்டிருப்பார்கள். போதுமா?

பிப்ரவரி 21, இரவு 9.00

ஒரு வாசகர் ஜான் பீலைப் பற்றி எழுதச் சொல்கிறார். 1967இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியதிலிருந்து 2004இல் இறக்கும்வரை அங்கே பாட்டுப் போட்டவர். பிரிட்டனில் 'நாங்கள் தேடிப் பிடித்தோம்' என்று சொல்லிக்கொள்கிற ஒரு தலைமுறையின் தேடல் என்னவென்றால், ராத்திரி ரேடியோவைப் போட்டுவிட்டு அந்த ஒரு மனிதர் என்ன போடப்போகிறார் என்று காத்திருந்ததுதான். 1978இல் அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' பிடித்துப்போய் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார். இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிடுவதற்கும் பேர்போனவர். அப்படிக் கேட்டு, அந்த வேகத்திலேயே ஒரு பாட்டை விரும்பிப்போன எவனாவது இருப்பான். அவன் என் ஜாதி.

மை பிளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) கேட்டபோது டேப் இழுத்துப்போய்விட்டது என்று நினைத்தவன் நான். அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், கிட்டாரில் சுருதியை வளைக்கிற டிரெமலோ கம்பியைக் கையிலேயே பிடித்தபடி வாசிப்பதால் சுருதி அலையலையாக வளைகிறது. எனக்கோ பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகம். இரண்டு பேட்டரியையும் கழற்றிக் கடித்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டேன். பழுது என்று நினைத்தவை எல்லாம்தான் எனக்குக் கடைசியில் பிடித்துப்போயிருக்கின்றன. இதற்கு மேல் எனக்கு ரசனை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 2, மாலை 5.45

சீனியரைப் பிடித்துவிட்டேன். பல வருடம் கழித்துப் பேசுகிறோம். 'பீ தவுசண்ட்' கேசட்டுக்கு நன்றி சொன்னேன், என் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது என்று கொஞ்சம் நாடகமாகவே சொன்னேன். எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"டேய், அது பி பக்கம்டா. தொண்ணூறு நிமிட டேப், ஒரு பக்கம் சும்மா இருக்கிறதே என்று கையில் கிடைத்ததைப் பதிந்து கொடுத்தேன். உனக்காகப் பதிந்தது ஏ பக்கம். கேட்டாயா இல்லையா?"

ஏ பக்கம் எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு முறை போட்டு, ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று அரை நிமிடத்தில் திருப்பிப் போட்டிருப்பேன். அதில் என்ன என்று கேட்டேன். அவருக்கும் மறந்துவிட்டது. "பாஸ்டன் பக்கத்து ஆட்கள். மூணே பேர். உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

பழைய பெட்டியில் கேசட் கிடைத்தது. பி பக்க லேபிள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. ஏ பக்கத்து லேபிள் புதுசு போல இருக்கிறது, நீல மைதான் மங்கிவிட்டது. கடைசிச் சொல் 'ஃபயர்' என்று மட்டும் படிக்க முடிகிறது. கேலக்சி 500இன் ஒரு ஆல்பம் 'ஆன் ஃபயர்'. 'ஸ்ட்ரேஞ்ச்' இருப்பது அதில்தான்.

டேப் ரெக்கார்டரில் பெல்ட் இற்றுப்போயிருக்கிறது. சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் இப்போதே கேட்கலாம்தான். வேண்டாம்.